ஆள் நிறைந்த ஹாலின் ஓசை

ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸின் முதல் சிம்பொனி, அதாவது ஆர்கெஸ்ட்ரா என்ற பெரிய வாத்தியக் குழுவுக்கு நான்கு பகுதிகளாக எழுதிய இசை, ஏறத்தாழ முக்கால் மணி நேரம். அதில் டிராம்போன் என்ற பித்தளை ஊதுகருவிக் கலைஞர்கள் மூவரும் முதல் மூன்று பகுதிகளிலும் ஒரு ஸ்வரம்கூட வாசிப்பதில்லை. கருவியைப் பிடித்துக்கொண்டு கிட்டத்தட்ட அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். நான்காம் பகுதி தொடங்கி, ஹார்ன் என்ற சுருள் கொம்பு தன் நீண்ட மெட்டை ஊதிய பிறகு, பஸூன் என்ற தாழ்ந்த குரல் மரக்குழல்களோடு சேர்ந்து மெல்லிய குரலில் நுழைவார்கள். ரெக்கார்டில் எத்தனை முறை கேட்டாலும் அந்த நுழைவு அழகுதான். ஆனால் அதற்கு முன்னால் இருக்கும் காத்திருப்பு ரெக்கார்டில் தெரியாது. வாசிக்காமல் இருப்பவரை மைக் பதிவு செய்யாது.

சிங்கப்பூரில் எஸ்பிளனேடு அரங்கத்தின் மேல்மாடியில் இருந்து இதைக் கேட்டபோது, பக்கத்தில் இருந்த ஆச்சி என் காதருகே குனிந்து, "அந்த மூணு பேரும் ஏன் தம்பி சும்மாவே உக்காந்திருக்காக?" என்று கேட்டார்கள். "பொறுங்க ஆச்சி, வருவாக" என்றேன். அதன் பிறகு ஆச்சியின் கண் அந்த மூவரை விட்டு நகரவில்லை. கடைசியில் அவர்கள் கருவியைத் தூக்கியபோது என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார்கள். பிராம்ஸ் யார், சிம்பொனி என்றால் என்ன என்று எதையும் அதற்கு முன் அவர்கள் கேட்டுக்கொண்டதில்லை. அந்த இசையின் கட்டுமானத்தை அவர்கள் கண்ணால் பிடித்துவிட்டார்கள்.

ஆச்சி கல்யாணமாகிப் போனதிலிருந்து சிங்கப்பூர்தான். டேங்க் ரோடு கோயில், தைப்பூசம், நவம்பரில் அதே எஸ்பிளனேடில் நடக்கும் கலா உத்சவம், இவை எல்லாம் அவர்களுக்கு அத்துபடி. சிங்கப்பூர் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா 1979 முதல் அந்த ஊரில் வாசித்து வருகிறது. எங்கள் ஐயா கணக்கு எழுதிக்கொண்டிருந்த மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கியிலிருந்து (செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய கட்டடம்) ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் விக்டோரியா ஹால். கிட்டங்கி இடிந்து கட்டடங்கள் எழும்பிவிட்டன. 1905-இல் கட்டிய விக்டோரியா ஹால் இன்னும் நிற்கிறது, அதிலும் கச்சேரி நடக்கிறது. எங்கள் குடும்பத்தில் யாரும் அதுவரை இந்த இரண்டு இடங்களுக்கும் ஆர்கெஸ்ட்ரா கேட்கப் போனதில்லை. காரைக்குடியிலிருந்து சென்னைக்குப் பல்லவன் ரயிலில் ஏழு மணி நேரம் போகிறது. திருச்சி விமான நிலையத்துக்கு இரண்டு மணி நேரம் போதும், அங்கிருந்து நேராக சிங்கப்பூர். ஆகவே ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவை நல்ல அரங்கில் கேட்க வேண்டும் என்றால் செட்டிநாட்டுக்காரர்களுக்கு சிங்கப்பூர் ஒன்றும் தூரமில்லை. பெரும்பாலான வீடுகளில் அங்கே ஒருத்தராவது இருப்பார்.

2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறிய பிறகு, இங்கே டீக்கடையில்கூட சிம்பொனி பற்றிப் பேச்சு வந்தது. எனக்கு அது பெரிய சந்தோஷம். அப்போது பலர் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: ரெக்கார்டு இருக்கிறது, போனிலேயே எல்லாம் கிடைக்கிறது, பின்னே எதற்கு ஆயிரம் பேரோடு போய் உட்கார வேண்டும்? டிராம்போன் கதையைச் சொன்னால், "அப்போ வீடியோவில் பார்த்துக்கலாமே" என்கிறார்கள். அதுவும் நியாயம்தான். பெர்லின் பில்ஹார்மனிக் ஆர்கெஸ்ட்ரா 2008-இலேயே தன் கச்சேரிகளை இணையத்தில் காட்ட ஒரு தளம் தொடங்கிவிட்டது. நானே அதில் மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். ஆனால் என் பதில் அரங்கத்தைப் பற்றியது. சரி, கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

நம் ஊரில் சத்தமாக வாசிக்க வேண்டிய இசை வெளியில் பிறந்தது. நாகஸ்வரமும் தவிலும் ரத வீதிக்கானவை. சாமி தெருமுனையைத் திரும்பும்போதே இந்த முனையில் இருப்பவருக்குக் கேட்க வேண்டும். அதற்குச் சுவர் வேண்டாம், கூரை வேண்டாம். கல்யாணத்தில் முகப்புக்கு வெளியே நின்று வாசித்தாலும் மேளம் வீட்டின் உள்ளே இரண்டாங்கட்டு வரை வந்துவிடும். வயலின் அப்படிப்பட்ட கருவி இல்லை. முப்பது வயலினை ஒரு பொட்டலில் நிறுத்தி வாசிக்கச் சொன்னால் நூறடி தள்ளி மெலிந்துதான் கேட்கும். ஆர்கெஸ்ட்ரா என்பது அறைக்குள் வளர்ந்த இசை. சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியும் சேர்ந்துதான் அதன் முழுக் குரல்.

வியன்னாவில் 1870-இல் திறந்த மூசிக்ஃபெரைன் அரங்கம் இதற்குப் பேர்போனது. சுமார் 49 மீட்டர் நீளம், 19 மீட்டர் அகலம், 18 மீட்டர் உயரம். நீளமான, உயரமான ஒரு பெட்டி. ஓரத்தில் வரிசையாகப் பெண் சிலைகள், மேலே பலகைக் கூரை, தரைக்குக் கீழே வெற்றிடம். ஒலி நின்ற பிறகு ஏறத்தாழ இரண்டு விநாடி அந்த அறையில் தங்கி மறையும். இதைக் கட்டும்போது அரங்கத்தின் ஒலியை முன்கூட்டியே கணக்குப் போடும் முறை இல்லை. பிராம்ஸ் 1872 முதல் 1875 வரை அங்கே கச்சேரிகளுக்குப் பொறுப்பாளராக இருந்தார். முதல் சிம்பொனியை 1876-இல் முடித்து, நவம்பரில் கார்ல்ஸ்ரூஹ நகரில் அரங்கேற்றிய பின், டிசம்பரில் அதே மூசிக்ஃபெரைனில் தானே நடத்தினார். அந்த ஹார்ன் மெட்டைக் கேட்கும்போதெல்லாம் இந்த அறை அவர் காதில் இருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றும். மெட்டு அதற்கு முன்பே, 1868-இல், தோழி கிளாரா ஷூமனின் பிறந்தநாளுக்கு எழுதி அனுப்பியது. ஆனால் சிம்பொனியில் அதை இரண்டு ஹார்ன்களுக்கு மாற்றி மாற்றிக் கொடுத்திருக்கிறார். ஒருவர் மூச்சு எடுக்கும் இடத்தில் மற்றவர் அந்த ஸ்வரத்தைப் பிடித்துக்கொள்வார். கேட்பவருக்கு மூச்சே விடாத ஒருவர் வாசிப்பதாகத் தோன்றும். கீழே வயலின்கள் சன்னமாக நடுங்கிக்கொண்டிருக்கும். இப்படி எழுதுபவர் அறையை நம்பித்தான் எழுத முடியும்.

கணக்கு பிறகு வந்தது. 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் ஒரு புதிய விரிவுரை அறையைக் கொடுத்து, பேசினால் புரியவில்லை, சரிசெய் என்றார்கள். அங்கே ஒரு சொல் ஐந்து விநாடிக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தது. சபைன் பக்கத்தில் இருந்த நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளை ராத்திரி ராத்திரியாகச் சுமந்து வந்து போட்டார். ஒரு ஆர்கன் குழாயை ஊதி நிறுத்தி, ஒலி மறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தில் பார்த்தார். விடிவதற்குள் மெத்தைகளைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தார். அறையின் கன அளவு கூடினால் ஒலி அதிக நேரம் தங்கும், உறிஞ்சும் பொருள் கூடினால் குறையும் என்ற விதி இப்படித்தான் கிடைத்தது. மனித உடம்பும் உறிஞ்சும் பொருள்தான். ஒரு ஆள் எவ்வளவு ஒலியை உறிஞ்சுவார் என்றும் அவர் அளந்தார். 1900-இல் திறந்த பாஸ்டன் சிம்பொனி ஹால் அந்தக் கணக்கில் எழுந்தது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்தக் கடைசிச் செய்திதான். வந்து உட்காருபவர்களும் ஒலியில் ஒரு பங்கு. மத்தியானம் காலி அரங்கில் ஒத்திகை பார்க்கும் ஆர்கெஸ்ட்ராவும், ராத்திரி ஆள் நிறைந்த பின் வாசிக்கும் ஆர்கெஸ்ட்ராவும் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. எஸ்பிளனேடு 2002-இல் திறந்தது, சுமார் 1,600 இருக்கை. ரஸ்ஸல் ஜான்சன் என்பவர் அதன் ஒலியமைப்பைச் செய்தார். மேடைக்கு மேலே ஏற்றி இறக்கக்கூடிய விதானம் இருக்கிறது. சுவருக்குப் பின்னால் வெற்று அறைகள், அவற்றுக்குக் கனமான கதவுகள். திறந்தால் ஒலி நீளும், மூடினால் குறுகும். பிராம்ஸ் சிம்பொனியின் தொடக்கத்தில் டிம்பனி என்ற பெரிய மேளம் ஒரே ஸ்வரத்தை அடித்துக்கொண்டே இருக்கும். தாழ்ந்த குரல் கருவிகளான டபுள் பாஸும் கான்ட்ராபஸூனும் அதே ஸ்வரத்தில் கூட நிற்கும். மேலே வயலின்கள் ஏறும், புல்லாங்குழலும் கூட்டாளிகளும் இறங்குவார்கள். அந்த அடி என் செருப்பின் வழியாகக் காலில் ஏறியது. மைக் ஒன்றுகூட இல்லை. கோயில் திருவிழாக் குழாய் ஸ்பீக்கரில் விடியற்காலையே எழுந்து பழகியவனுக்கு, இத்தனை பேர் வாசிக்கும் ஒலி ஒரு ஒயரும் இல்லாமல் உடம்பைத் தொடுவது வேறு அனுபவம்.

பகுதிகளுக்கு நடுவே கை தட்டக் கூடாது என்ற வழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1778-இல் பாரிசில் தன் சிம்பொனி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஜனங்கள் கை தட்டினார்கள் என்று மோஸார்ட் அப்பாவுக்குச் சந்தோஷமாக எழுதியிருக்கிறார். நம் கச்சேரிகளில் "பலே" சொல்லாமல் கேட்க முடியுமா? இந்த இறுக்கம் பின்னால் வந்தது. முதல் பகுதி முடிந்து யாரோ தட்டினால் திரும்பி முறைப்பவர்களை எனக்குப் பிடிப்பதில்லை.

இனி ரெக்கார்டு. நான் அதைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. இந்தச் சீமைக்கும் இசைத்தட்டுக்கும் பழைய உறவு உண்டு. ஏவி. மெய்யப்பன் காரைக்குடியில் அப்பாவின் கடையில் கிராமபோன் தட்டு விற்றுத்தான் தொடங்கினார். சென்னைக்குப் போய் சரஸ்வதி ஸ்டோர்ஸ், அப்புறம் படம். எங்கள் வீட்டுப் பட்டாலையிலும் ஒரு கிராமபோன் பெட்டி இருந்தது. அரக்கில் செய்த தட்டுகள். உறைகளைக் கரையான் தின்றது, தட்டை ஒன்றும் செய்யவில்லை. ஒரு பக்கம் நாலரை நிமிஷம் வந்தால் அதிகம். பிராம்ஸ் முழுவதும் கேட்க ஐந்து தட்டாவது வேண்டும், ஒவ்வொரு பக்கத்துக்கும் எழுந்து போய்த் திருப்ப வேண்டும். நீளத் தட்டு வந்தது 1948-இல், சிடி 1982-இல். அதெல்லாம் தெரிந்த கதை.

தெரியாமல் போகும் விஷயம், நல்ல பதிவு ஒவ்வொன்றிலும் ஒரு அறை இருக்கிறது என்பது. நான் பிராம்ஸ் முதல் சிம்பொனியை அதிகம் கேட்டது ஓட்டோ கிளெம்பரர் பில்ஹார்மோனியா ஆர்கெஸ்ட்ராவை நடத்திய பதிவில். 1950-களின் நடுவில் லண்டன் கிங்ஸ்வே ஹாலில் எடுத்தது. கிங்ஸ்வே ஹால் 1912-இல் மெத்தடிஸ்ட் சபைக்காகக் கட்டிய மண்டபம். கச்சேரி அரங்கமாக அதற்குப் பெயரில்லை, பதிவு செய்ய மட்டும் அத்தனை பேரும் அதைத்தான் தேடிப் போனார்கள். ஒலி வெதுவெதுப்பாக, தெளிவாக விழும். ஒரே தொல்லை, அடியில் ஓடிய சுரங்க ரயில். அங்கே எடுத்த பல பதிவுகளில் மெல்லிய இடங்களில் அடித்தொண்டையில் ஒரு உறுமல் கேட்கும். அது பியானோ மாதிரியோ டிரம் மாதிரியோ எழுதி வைத்த ஓசை இல்லை, பிக்கடில்லி லைன் ரயில். எனக்கு அந்த உறுமலைக் கேட்டால் சந்தோஷமாக இருக்கும். ஒரு ஊரும், ஒரு மத்தியானமும், கீழே எங்கோ வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்களும் அதில் இருக்கிறார்கள். 1984-க்குப் பிறகு அங்கே பதிவு நின்றது. 1998-இல் இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே ஹோட்டல். அந்த அறையின் ஓசை ரெக்கார்டுகளில் மட்டும்தான் இருக்கிறது.

இன்னொன்று, மாஹ்லர் என்ற இசையமைப்பாளரின் ஒன்பதாம் சிம்பொனி. 1938 ஜனவரி 16, மூசிக்ஃபெரைன், வியன்னா பில்ஹார்மனிக், நடத்தியவர் புருனோ வால்ட்டர். கச்சேரி நடக்கும்போதே எடுத்தது. பத்துத் தட்டு, இருபது பக்கம். ஆள் நிறைந்த ஹால் என்பதால் இருமல் எல்லாம் விழுந்திருக்கிறது. எட்டு வாரத்தில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் வந்தது. வால்ட்டர் யூதர், திரும்ப முடியவில்லை. முதல் வயலின் வாசித்த ஆர்னால்ட் ரோஸே, மாஹ்லரின் தங்கை புருஷன், அவரும் லண்டனுக்குத் தப்பிப் போனார். இருமியவர்களில் எத்தனை பேர் அடுத்த வருஷம் அந்த இருக்கையில் உட்கார முடிந்திருக்கும் என்று நினைக்காமல் அந்தப் பதிவை என்னால் கேட்க முடிவதில்லை. அதை எடுத்தவர் பிரெட் கைஸ்பெர்க். 1902-இல் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தாரே, அதே மனிதர்.

இப்போது எங்கள் வீட்டு ஹாலுக்கு வருகிறேன். பந்தி போடுவதற்கென்று கட்டிய போஜன ஹால். நீளமாக, குறுகலாக, உயரமாக இருக்கும். மூசிக்ஃபெரைன் பெட்டியின் சின்னத் தம்பி என்று சொல்லலாம் போலிருக்கும். ஆனால் சுவர் சிப்பிச் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்து இழைத்துத் தேய்த்தது, முகம் தெரியும். கீழே பளிங்கு. ஒலியை உறிஞ்ச எதுவுமே இல்லை. கை தட்டினால் இரண்டு பக்கச் சுவருக்கும் நடுவே அது படபடவென்று அடித்துக்கொண்டு ஓடும். அங்கே ஸ்பீக்கர் வைத்து பிராம்ஸ் போட்டால் வயலின்கள் கூசும், டிம்பனி குழம்பும். சபைன் செய்ததைத்தான் நானும் செய்தேன். பவானி ஜமுக்காளம் இரண்டைத் தரையில் விரித்தேன். கோரைப் பாய்களைப் பக்கச் சுவரில் தொங்கவிட்டேன். பழைய மெத்தைகளை மூலையில் நிறுத்தினேன். கொஞ்சம் கொஞ்சமாக இசை தெளிந்தது. வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், வைத்தும் பார்த்தேன். மேலே ஆகாயம், போன ஒலி திரும்பாது. அங்கே நாகஸ்வரம்தான் சரி.

பிறகு ஒரு தை மாசம் படைப்புக்குப் பங்காளிகள் எல்லாம் வந்தார்கள். சிங்கப்பூர் ஆச்சி, மலேசியாவில் இருந்து சித்தப்பா வீடு, சென்னைப் பிள்ளைகள். பாய், மெத்தை எல்லாவற்றையும் எடுத்துவிட்டிருந்தோம். சாப்பாடு முடிந்து ஹாலில் அங்கங்கே உட்கார்ந்தும் சாய்ந்தும் பேசிக்கொண்டிருந்தபோது, ஆச்சி, "தம்பி, அந்த மூணு பேர் பாட்டைப் போடு" என்றார்கள். போட்டேன். ஹால் மாறியிருந்தது. ஒரு பாய் இல்லாமல், வெறும் சுவரோடு, அத்தனை சேலையும் வேட்டியும் உடம்பும் உறிஞ்சிக்கொண்டதில் கிளெம்பரரின் ஆர்கெஸ்ட்ரா அதுவரை கேட்காத அளவுக்கு ஒழுங்காக உட்கார்ந்தது. இந்த ஹாலைக் கட்டியவர்கள் இது காலியாக இருக்கும் என்று நினைத்துக் கட்டவில்லை. வரிசை வரிசையாக நூறு பேர் உட்கார்ந்து சாப்பிடக் கட்டினார்கள். கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் பூட்டிக் கிடக்கும் வீடுகளில் நாம் கேட்கும் அந்தப் பெரிய எதிரொலி வீட்டின் குணம் என்று வருகிறவர்கள் நினைக்கிறார்கள். ஆட்கள் ஊரைவிட்டுப் போனதால் வந்த ஓசை அது.

வீடுகளும் போய்க்கொண்டிருக்கின்றன. பங்கு பிரிக்க முடியாமல் இடிக்கிறார்கள். பர்மாத் தேக்குத் தூண், நிலை, கதவு எல்லாம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் விலைக்கு நிற்கும். யாரோ வாங்கி எங்கோ வைத்துக் காப்பாற்றுவார்கள், அது நல்லதுதான். போட்டோவும் எடுத்து வைக்கிறார்கள். அந்த வளவில் ஒரு குரல் எப்படிக் கேட்டது, ஹாலில் மேளம் எப்படித் திரும்பியது என்பதை யாரும் எடுத்து வைப்பதில்லை.

எடுத்து வைக்க முடியும். வெனிஸில் லா ஃபெனிச்சே ஓபரா அரங்கம் 1996 ஜனவரியில் எரிந்து போனது. அதற்குக் கொஞ்ச காலம் முன்புதான் அதன் ஒலியை ஆராய்ச்சியாளர்கள் அளந்து வைத்திருந்தார்கள். பாரிஸ் நோத்ருதாம் தேவாலயத்தின் ஒலியை 2013-இல் அளந்தார்கள், 2019-இல் கூரை எரிந்தது. இரண்டு இடத்திலும் திரும்பக் கட்டும்போது அந்த அளவுகள் கையில் இருந்தன. முறை எளிது. அறையின் நடுவில் ஒரு சின்ன வெடிச் சத்தம் எழுப்பி, அது மறையும் வரை பதிவு செய்ய வேண்டும். பிறகு கம்ப்யூட்டரில் எந்த இசையையும் அந்த அறைக்குள் வாசித்த மாதிரி கேட்கலாம். பெரிய பலூன் ஒன்று, ஊசி ஒன்று, இரண்டு நல்ல மைக், ஒரு ரெக்கார்டர். ஒரு வீட்டுக்கு அரை நாள் போதும். முகப்பு, வளவு, ஹால், இரண்டாங்கட்டு, மாடி என்று தனித்தனியாக எடுக்கலாம்.

எங்கள் வீட்டில் எடுத்துவிட்டேன். பக்கத்து ஊர்களில் சாவி கிடைத்த சில வீடுகளிலும். கானாடுகாத்தான், கோட்டையூர், தேவகோட்டை, ஆத்தங்குடிப் பக்கம் உங்கள் வீட்டை இடிப்பதாக முடிவாகியிருந்தால், மேஸ்திரி வருவதற்கு ஒரு வாரம் முன்னால் சொல்லுங்கள். மின்விசிறியை நிறுத்தி, கதவு ஜன்னல்களை வழக்கமாக இருக்கும் நிலையில் வைத்தால் போதும். கூடவே வீட்டு ஆட்கள் எத்தனை பேர் வர முடியுமோ அத்தனை பேரையும் வரச் சொல்லுங்கள். காலி ஹாலை ஒருமுறை, எல்லாரும் உட்கார்ந்த பின் ஒருமுறை எடுக்க வேண்டும்.